ராயம்மாள் படித்த சுவர்

மதலைமுத்து வாத்தியாருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று கல்லுகுட்டையில் எல்லோரும் நம்பினார்கள். அவருக்கு மட்டும் அந்த நம்பிக்கை இல்லை. பூச்சிமருந்து டப்பாவையோ உரமூட்டைச் சீட்டையோ யாராவது எடுத்துக்கொண்டு வந்தால், வாங்கி வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படித்துவிட்டு, விஷயத்தைத் தமிழில் சொல்லி அனுப்பிவிடுவார். நாலு பேர் கேட்க ஆங்கிலத்தை வாய்விட்டுப் படிக்கமாட்டார்.

ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது ஒரு நாள் அவரை எழுப்பிப் பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள். அவர் படித்த விதத்தைக் கேட்டு வகுப்பே சிரித்தது. சொல்லிக்கொடுத்தவராவது அதட்டியிருக்கலாம். அவரோ அதே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்து, சிரிப்பு அடங்கிவிடாமல் பார்த்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த பயம். மற்றபடி மனிதர் கோழை இல்லை. கிணற்றில் விழுந்த பசுவைக் கயிறு கட்டி இறங்கி மேலே ஏற்றியவர். ஆனால் ஆங்கிலம் தெரிந்த ஒருத்தர் எதிரில் வந்து உட்கார்ந்தால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும்.

அவர் மனைவி ராயம்மாள் ஏரியூர்ப் பக்கத்துப் பெண். ஆடு மாடுகளோடு வளர்ந்தவள்; பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. கல்யாணமான புதிதில் வாத்தியார் ஆசையாக ஒரு சிலேட்டு வாங்கிவந்து, அவளுக்கு அ, ஆ எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பிள்ளைகளிடம் காட்டுகிற பொறுமையைக் கட்டிய மனைவியிடம் எந்த வாத்தியார் காட்டியிருக்கிறார்? ‘இ’ எழுத்தில் சுழி எந்தப் பக்கம் என்பதிலேயே தகராறு வந்துவிட்டது.

“உன் மண்டையில ஏறாது, விடு” என்றார்.

அவளும் விட்டுவிட்டாள். கோபித்துக்கொண்டு விட்டிருந்தால் தேவலை. படித்த மனுஷர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி விட்டாள். அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அவளுக்கு அது வேதவாக்கு. ஆனால் ஆசை விட்டதா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஜெபப் புத்தகத்தை விரித்துவைத்துப் பாடுகிற பெண்களை அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். தாள் புரளும்போதெல்லாம் அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். வாத்தியார் இதைக் கவனிக்கவே இல்லை. அவர் ஆண்கள் பக்கம் அல்லவா உட்கார்ந்திருந்தார்.

கல்லுகுட்டை என்பது மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையேறி வேர்த்துக் களைத்தபின் வருகிற ஊர். அறுபத்தைந்தில் தர்மபுரி தனி ஜில்லா ஆனபோது இந்த ஊருக்குக் கிடைத்த லாபம் ஒன்றே ஒன்றுதான்: வழக்கு நடத்துகிறவர்கள் சேலம் வரைக்கும் அலையாமல் பக்கத்திலேயே தோற்றுவிட்டு வரலாம். மிஷன் நடத்திய பள்ளிக்கூடம் ஐந்தாவது வரை. வாத்தியார்கள் இரண்டு பேர். மதலைமுத்து பெரிய வாத்தியார், கிருஷ்ணப்பன் சின்ன வாத்தியார். கட்டடத்தின் வெளிச்சுவர் ஒன்று, ஆடு மாடுகள் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற தடத்தைப் பார்த்து நீளமாக நின்றது.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில், ஐந்தாம் வகுப்புக்கு மிருகங்கள் சத்தம்போடுகிற பாடம் வந்தது. பசு ‘மூ’ என்கிறது. நாய் ‘பவ்வவ்’ என்கிறது. சேவல் ‘காக்கடூடுல்டூ’ என்கிறது. வாத்தியார் தட்டுத்தடுமாறி இதைச் சொல்லி முடித்ததும் செல்லி என்கிற பெண் எழுந்து நின்றாள்.

“அந்தச் சேவலுக்கு ஒடம்பு சரியில்லீங்களா, சார்?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியாருக்கு அரை நிமிஷம் பழைய பயம் எட்டிப்பார்த்தது. பிறகு பார்த்தால், சிரிப்பு அவரைப் பார்த்து இல்லை, சேவலைப் பார்த்து. அவரும் சிரித்தார்.

சிரிப்பு சண்டையில் முடிந்தது. நாய் ‘லொள் லொள்’ என்றுதான் குரைக்கும் என்றார்கள் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். ‘பௌ பௌ’ என்றார்கள் கன்னட வீட்டுப் பிள்ளைகள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ‘பௌ’ இன்னும் அழுத்தமாகக் கேட்டது. மூன்று பாஷையும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர். நாய்கள் எல்லா வீட்டு எச்சில் சோற்றையும் தின்பவை. ஒரு பாஷைக்குத் தீர்ப்புச் சொன்னால் மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் சாயங்காலம் வந்து நிற்பார்கள்.

“சரிடா. அவங்கவங்க வூட்டு மிருகம் என்ன சத்தம் போடுதோ, அதை அப்படியே இங்கிலீஷ் எழுத்துல எழுதுவோம். அது இங்க எவன் வூட்டுப் பாஷையும் இல்ல. ஒருத்தனுக்கும் மனத்தாங்கல் வராது” என்றார் வாத்தியார்.

கரும்பலகைக்குப் பூசுவதற்காக ஊமத்தை இலையும் கரியும் சேர்த்து அரைத்த மை சட்டி நிறைய இருந்தது. படத்துக்குச் செம்மண் குழைத்தார்கள். வெளிச்சுவரில் ஆளுக்கு ஓர் இடம். கோவிந்தம்மாள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு எம் எழுத்தை மூன்று தடவை போட்டு, ஏ எழுத்தை ஜன்னல் வரைக்கும் ஓடவிட்டார்கள். தாய் மேய்ச்சலுக்குப் போன பின் கத்துகிற கத்தல் அது. தாய் திரும்பி வந்தால் கத்துவது வேறு என்று அதற்கு எம் ஒன்றும் ஏ இரண்டும் போதும் என்றார்கள். கருப்பண்ணன் வீட்டு எருமைக்கு ‘என்’னும் ‘ஜி’யும் மாறி மாறி வந்தன. கோழி முட்டையிட்டதும் அடிக்கிற தம்பட்டத்துக்கு கேயும் ஓவும் ஒரு வரிசை. குஞ்சுக்கு ‘பீ பீ’. பூனைக்கு ஒய் எழுத்தை வாலோடு இழுத்து விட்டார்கள். தர்மன் வீட்டு நாய் கடிக்கிற நாய், குரைக்காது. அதற்கு வெறும் ஆர், ஆர், ஆர் என்று ஒரு முழ நீளத்துக்கு உறுமல். குட்டைமேட்டு நரிக்கு யு எழுத்தாகவே போட்டு மேலே மேலே ஏற்றினார்கள்.

எந்த அகராதியிலும் இல்லாத ஆங்கிலம். ஒரு எழுத்துக் கூடிவிட்டது என்று அடித்துக்கொண்டு, நேரில் போய் எருமையிடமே கேட்டு வந்து திருத்தினார்கள். வாத்தியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நின்று ஊளையிட்டுக் காட்டினார். அவர் வாழ்நாளில் ஆங்கிலத்தை வாய்விட்டுச் சந்தோஷமாகச் சொன்னது அந்தச் சில மாதங்கள்தான். கல்லுகுட்டையில் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை.

ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தங்கள் வீட்டு மாட்டைச் சுவரில் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. ராயம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு தினமும் அந்த வழியாகத்தான் போனாள். நிற்பாள், பார்ப்பாள், போவாள்.

ஆடி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. செம்மண் படமெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. ஊமத்தை மையில் எழுதிய எழுத்து மட்டும் நின்றது. ஒரு நாள் சாயங்காலம் வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, ராயம்மாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் விரல் ஓர் எழுத்தைத் தொட்டு அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. வாய் அதோடு திறந்து மூடியது.

“என்ன பண்றே?” என்றார்.

“இது கோவிந்தம்மா வூட்டுக் கன்னுக்குட்டி தானுங்களே?”

“படம்தான் அழிஞ்சு போச்சே. எப்படிச் சொல்றே?”

“இந்த எழுத்து வந்தா வாயை மூடிக்கணும், ம்ம்முனு. அடுத்ததுக்குத் திறந்து வுடணும். பூனைக்கும் இதே எழுத்துதான் மொதல்ல வருது. ஆனா பூனைக்கு நடுவுல இன்னொண்ணு வருதுங்க, கவட்டை மாதிரி.” சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கம் வந்துவிட்டது. “தப்பா இருந்தாச் சொல்லுங்க.”

தப்பில்லை. அவள் படித்துக்கொண்டிருந்தாள். மண்டையில் ஏறாது என்று அவர் சொன்ன மண்டை, சொல்லித்தர ஆளில்லாமல், ஆட்டுக்கும் மாட்டுக்கும் பின்னால் நடந்து எழுத்துக்குள் போய்விட்டது. வாத்தியார் அவள் கையிலிருந்த குச்சியை வாங்கி, மற்ற எழுத்துகளையும் காட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை பொறுமையாகவே காட்டினார்.

அன்றிலிருந்து அவள் ஆடு ஓட்டப் போவதும் படிக்கப் போவதும் ஒன்றாகிவிட்டன. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாதவள் ஆங்கிலம் படிக்கிறாள் என்று ஊரில் ஒரே கேலி. “வாத்தியாரம்மா இனிமே ஆட்டை இங்கிலீஷ்லதான் ஓட்டுவாங்க” என்பார் கருப்பண்ணன். அவள் சிரித்துக்கொள்வாள். ஆட்டுப்பட்டியின் கதவுப் பலகையில் கரித்துண்டால் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். நாயின் உறுமல், கன்றின் ‘ஆ’, பூனையின் கவட்டை, மறுபடி கன்று. ‘ள்’ மட்டும் சுவரில் எந்த மிருகத்திடமும் கிடைக்கவில்லை, அதனால் ராயம்மாவோடு நின்றுவிட்டாள்.

“அடுத்த வருஷம் தமிழையும் பாத்துடலாம்” என்றார் வாத்தியார்.

“ஜெபப் புத்தகம் படிக்க வந்துடுங்களா?”

“அதென்ன பிரமாதம். பைபிளே படிக்கலாம்.”

“நம்ம மேரி பெரியவளாகி எங்கயாவது கட்டிக்கொடுத்தா, காயிதம் போடுவா இல்லீங்களா? அதை நானே படிச்சுக்குவேன்” என்றாள். மகள் லூர்து மேரிக்கு அப்போது ஐந்து வயது. ஆட்டுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஐப்பசியில் சேலத்தில் ஒரு கல்யாணம். மொரப்பூருக்குப் போய் ரயில் ஏறவேண்டும். ரயில் வரத் தாமதமானது. பிளாட்பாரக் கோடியில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை நின்றது. ஹிந்தி எழுத்தின் மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள். அந்த வருஷம் அப்படி. ராயம்மாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்தின் கீழே போய் நின்றாள்.

“கன்னுக்குட்டி” என்றாள். “அப்புறம் கோழி. தர்மன் வூட்டு நாய். கன்னுக்குட்டி வாயைத் தொறக்குது. குஞ்சு ரெண்டு. நரி. மறுபடியும் நாய்.”

பெட்டி தூக்குகிறவர் ஒருத்தர் இவளுக்குப் புத்தி சரியில்லை போல என்று வாத்தியாரைப் பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. கண்ணை மூடி எல்லாவற்றையும் வாய்க்குள் சேர்த்தாள். ம், ஓ, ர், ஆ, ப், ப், ஊ, ர். இரண்டு தடவை சேர்த்ததும் கண்ணைத் திறந்தாள்.

“மொரப்பூர்.”

“ஊர்ப் பேரு உனக்குத் தெரிஞ்சதுதானே” என்றார் வாத்தியார்.

“பேரு தெரியுமுங்க. அது இங்க எழுதியிருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது.”

ரயிலில் சேலம் வரைக்கும் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தெரிந்த எழுத்தைத் தேடிக்கொண்டே வந்தாள். வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இவளை ஊருக்கே காட்டவேண்டும் போலிருந்தது.

அந்த நினைப்பில் திரும்பி வந்தவருக்கு, கார்த்திகைக் கடைசியில் தகவல் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்வையிடப் புது இன்ஸ்பெக்டர் வருகிறார். பெரிய படிப்புப் படித்தவராம். ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்பாராம். பக்கத்து ஊரில் ஒரு வாத்தியாரை நிற்கவைத்தே கேட்டுவிட்டுப் போனாராம்.

கிருஷ்ணப்பன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தோன்றியதைச் சொன்னார். “சார், வெளியில இருக்கிற அந்த நாய் நரி இங்கிலீஷையெல்லாம் அவரு பாத்தா என்ன நெனைப்பாரு? பெரிய வாத்தியாருக்கே இவ்வளவுதான் தெரியுமோன்னு நெனைச்சுட்டா?”

அவ்வளவுதான். பயிற்சிப் பள்ளிக்கூடத்துச் சிரிப்பு இத்தனை வருஷம் கழித்து மலையேறி வந்து அவர் காதில் கேட்டது. அந்தச் சுவரில் இருப்பது விளையாட்டு என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையையும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டுமே. நின்று திணறுவதை நினைத்தாலே கை வேர்த்தது.

கிறிஸ்துமஸ் வருகிறதென்றால் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள்தான் வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் ஊற்றித் தாளித்து, வடிகட்டி, மட்டையால் அடிப்பது வரைக்கும் அவர்கள் வேலை. ராயம்மாள் அடித்தால் திட்டுத் தெரியாது. அதில் அவளுக்கு ஊரில் நல்ல பெயர். வழக்கமாகத் திருவிழாவுக்கு முந்தின வாரம் அடிக்கிறதை இந்த வருஷம் முன்னாலேயே அடித்துவிடலாம் என்றார் வாத்தியார். வீடு முடிந்ததும், மிச்சச் சுண்ணாம்போடு பள்ளிக்கூடத்துக்கும் வரச் சொன்னார்.

“உள்ளேயா வெளியிலயா?” என்று கேட்டாள் ராயம்மாள்.

“வெளியில. தடத்துப் பக்கம்.”

அவள் பானையைக் கீழே வைத்தாள். “அந்தச் செவுத்தையுங்களா?”

“ஆமா.”

“எதுக்குங்க? நல்லாத்தானே இருக்குது?”

இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்குது, ராயம்மா, அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரிச்சிடுவான்னு பயமா இருக்குது. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. சொல்லியிருந்தால் அவள் சிரிக்கமாட்டாள். சுண்ணாம்பை அடித்துவிட்டு, எழுத்தைப் பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் தன்னை வேதவாக்காக நினைக்கிற பெண்டாட்டியிடம் பயம் என்ற வார்த்தையை எந்த ஆண்பிள்ளை சொல்வான்? வாத்தியார் வேறு வார்த்தை சொன்னார்.

“அது எல்லாம் தப்பு. இங்கிலீஷ்ல அப்படியெல்லாம் எழுதமாட்டாங்க.”

“தப்புங்களா?”

“மொத்தமும் தப்பு. பெரிய ஆளுங்க பாத்தா அசிங்கம். அடிச்சு விடு.”

ராயம்மாள் சுவரை ஒருதரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தாள். முதல் பூச்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. காயவிட்டு மறுபூச்சு அடித்தாள். நரியும் நாயும் குஞ்சும் கன்றும் போன இடம் தெரியவில்லை. அவள் வேலையில் திட்டு எப்போதுமே தெரியாது.

வீட்டுக்குப் போனதும் ஆட்டுப்பட்டிக் கதவில் கரியால் எழுதியிருந்ததையும் அவளே ஈரத்துணியால் துடைத்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. தப்பை எதற்கு வைத்துக்கொள்வது என்று அவளாகவே துடைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பில் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தவர், மோர் வாங்கிக் குடித்தார். நல்ல தமிழில் பேசினார். பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். கூரையில் ஒழுகுகிறதா என்று கேட்டார். தனக்கு வயிறு சரியில்லை என்று வாத்தியாரிடம் மனம்விட்டுச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த வழியே மாரண்டஹள்ளிக்குத் திரும்பிவிட்டார். தடத்துப் பக்கம் அவர் போகவே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாத்தியார் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். அதுதான் அவருக்குப் பின்னால் பெரிய வேதனையாக இருந்தது, அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியது.

கிறிஸ்துமஸ் கழிந்து தை மாதத்தில் அவர் சிலேட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய கன்றுக்குட்டியை அதில் எழுதி நீட்டினார்.

“இது என்ன சொல்லு பாப்போம்.”

“வேண்டாமுங்க.”

“அட, சும்மா. உனக்குத் தெரிஞ்சதுதானே.”

“தப்பைப் படிச்சு என்னங்க பண்றது? ஏதோ ஆடு ஓட்டற நேரத்துல வெளையாட்டாக் கத்துக்கிட்டேன். விடுங்க.”

“அது அப்படியொண்ணும் பெரிய தப்பில்ல, ராயம்மா.”

“நீங்கதானுங்க சொன்னீங்க” என்றாள். குத்திக்காட்டுகிற குரலாக இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவளோ கடையில் உப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாள். அவர் சரியான ஆங்கிலப் புத்தகத்தையே கொண்டுவந்து கொடுத்தார். அதில் கொழுத்த பசு ஒன்று ‘மூ’ என்று நின்றது. அவள் இரண்டு பக்கம் புரட்டினாள். அவளுக்குத் தெரிந்த மிருகம் ஒன்றும் அதில் இல்லை. மூடிக் கொடுத்துவிட்டாள். தமிழ் எழுத்தை ஆரம்பிக்கலாம் என்றதற்கும் அதே பதில். “எனக்கு வராதுங்க. மொதல்லயே சொன்னீங்க, நான்தான் கேக்கல.”

சுவரில் மறுபடி எழுதலாம் என்றும் ஒரு தடவை மை அரைக்கச் சொன்னார். ஐந்தாவது படித்த பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். புதுப் பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதினார்கள். ராயம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு போனாள், வந்தாள். நிற்கவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு வாத்தியாரும் அதை விட்டுவிட்டார்.

வருஷங்கள் போயின. லூர்து மேரி ஹாஸ்டலில் படித்து, பிறகு நர்ஸ் வேலைக்குப் பயிற்சிக்குப் போனாள். மாதம் தவறாமல் கடிதம் எழுதினாள். தபால் வந்ததும் ராயம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள், வாத்தியார் படிப்பார். மெஸ்ஸில் சோறு எப்படி, பரீட்சை எப்போது, ஆடு குட்டி போட்டதா. எல்லாம் அப்பா காதில் விழலாம் என்கிற சங்கதிகள். ஒரு தடவை மகள் லீவில் வந்து திரும்பிப் போனபின் ராயம்மாள் இரண்டு நாள் பேசாமலே இருந்தாள். பிள்ளைக்கு அங்கே ஏதோ மனக்கஷ்டம், அதை நேரில்தான் சொன்னாள் என்பது மட்டும் தெரிந்தது.

“காயிதத்துல எழுதியிருக்கக் கூடாதா?” என்றார் வாத்தியார்.

“அம்மாகிட்ட சொல்றதை எப்படிங்க அதுல எழுதுவா?”

அந்த வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் குரலாக உட்கார்ந்திருப்பது தான்தான் என்று அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? அப்போதும்கூட நான் அன்றைக்குப் பயந்து போய்ச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னாரா என்றால், இல்லை. எத்தனையோ தடவை தொண்டை வரைக்கும் வந்தது. தள்ளத் தள்ள அது கனத்துப்போய், இனி சொன்னால் அதற்குச் சேர்த்து இத்தனை வருஷத்துக்கும் பதில் சொல்லவேண்டும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

எண்பதில் ராயம்மாளின் அப்பா காலமானார். ஏரியூரில் அவருக்கு இருந்த காட்டு நிலத்தில் தன் பாத்தியதையை அண்ணன் சின்னப்பனுக்கே விட்டுக்கொடுப்பதாக அவள் சொல்லிவிட்டாள். விடுதலைப் பத்திரம் எழுதப் பென்னாகரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள். கூட்டம் கசகசவென்று இருந்தது. பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள், ராயம்மாள் சம்மதம் என்று தலையாட்டினாள்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். “கையெழுத்தா, கைநாட்டா?”

“கையெழுத்து” என்றார் வாத்தியார் அவசரமாக. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். “ராயம்மா, எழுது. இங்கிலீஷ்லயே எழுது. உனக்கு வரும். கடைசி எழுத்து இல்லாட்டியும் பரவாயில்ல.”

சின்னப்பன் ஆச்சரியமாகத் தங்கையைப் பார்த்தார். குமாஸ்தாவும் இப்போது நிமிர்ந்தார். ராயம்மாள் பேனாவைப் பிடித்தபடி பத்திரத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் அவள் உதடு மூடித் திறந்தது போலிருந்தது.

அவள் பேனாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“கைநாட்டே வெச்சுடறேன் சார்” என்றாள் குமாஸ்தாவிடம். பிறகு கணவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “சிலேட்டுன்னா அழிச்சுடலாமுங்க. இது பத்திரம். நான் தப்பா எழுதித் தொலைச்சா அண்ணனுக்கில்ல கஷ்டம்.”

“தப்பு வராது, ராயம்மா. அது தப்பே இல்ல. அன்னிக்கு நான் சொன்னது...”

“நேரமாகுது பாருங்க, பின்னால ஆளு நிக்குது” என்றார் குமாஸ்தா. மைப்பெட்டியை முன்னால் தள்ளினார். ராயம்மாள் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, சொன்ன இடத்தில் வைத்து அழுத்தினாள்.

“படிச்சவங்க யாராச்சும் ரேகைக்குப் பக்கத்துல இவங்க பேரை எழுதுங்க” என்றார் குமாஸ்தா.

வாத்தியார்தான் எழுதவேண்டியிருந்தது. பேனா பிடித்த கை வேர்த்திருந்தது. ரேகையின் மேல் படாமல், பக்கத்தில், தமிழில் ராயம்மாள் என்று எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள். “நீங்க எழுதினாத்தான் தப்பிருக்காது.”

அவள் அதை மனசாரச் சொன்னாள். அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.